ரூட் 66: எங்கே இறங்குவது, எங்கே தாண்டிப் போவது?

கேள்வி: சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் வசிக்கிறோம். அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து மே மாதம் வருகிறார்கள். அப்பா நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற முறை நயாகராவையும் நியூயார்க்கையும் காட்டினோம். இந்த முறை, "எனக்கு அந்த ரூட் 66-ஐ மட்டும் காட்டும்மா, வேறு எதுவும் வேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஜூன் தொடக்கத்தில் பையனுக்குப் பள்ளி முடிந்ததும் நானும் கணவரும் இரண்டு வாரம் விடுப்பு எடுக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, முட்டைகூடச் சேர்க்காத சைவம். பையனுக்கு ஒன்பது வயது; 'கார்ஸ்' படத்தை வரி விடாமல் ஒப்பிப்பான். முழுச் சாலையையும் இரண்டு வாரத்தில் முடிக்க முடியுமா? எங்கே தங்குவது? ஜிபிஎஸ் போதுமா? அப்பா ஓட்டலாமா? நண்பர் ஒருவர், "அது செத்துப்போன சாலை, பழைய போர்டுகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை" என்கிறார். உண்மையா?

— ஒரு வாசகி, இல்லினாய்ஸ்

பதில்: இரண்டு வாரத்தில் சிகாகோவிலிருந்து சான்டா மோனிகா கடற்கரைவரை போய்விடலாம். ஆனால் 2,448 மைலையும் பழைய சாலையிலேயே ஓட்டித் தீர்ப்பது என்று கிளம்பாதீர்கள். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் நாளே களைத்துப்போய், மீதியை இன்டர்ஸ்டேட்டில் பறந்து முடிக்கிறார்கள். அவர்கள் தவறவிடுவது அரிசோனாவை. இந்தச் சாலையின் மிக நல்ல பகுதி அங்கேதான் இருக்கிறது. எதை விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால், எடுத்துக்கொண்டதை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 1926 நவம்பர் 11-ஆம் தேதி, அமெரிக்கா தன் நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுத்தபோது பிறந்தது ரூட் 66. 1985 ஜூன் 27-ஆம் தேதி அந்த எண் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இடையில், ஐசனோவர் காலத்தில் 1956-இல் வந்த சட்டத்தால் இன்டர்ஸ்டேட் சாலைகள் எழுந்தன. 55, 44, 40, 15, 10 என்று ஐந்து சாலைகள் பழைய 66-இன் வேலையைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டன. அதனால் சட்டப்படி அந்தச் சாலை இன்று இல்லை. தரையில் இருக்கிறது. ஓர் ஊரில் கடைத்தெருவாக, இன்னோரிடத்தில் இன்டர்ஸ்டேட்டை ஒட்டிய பக்கச் சாலையாக, வேறோரிடத்தில் வேலியில் முட்டி நிற்கும் புல் முளைத்த கான்கிரீட்டாக. பெரும்பகுதியில் இன்றும் கார் ஓட்டலாம். உங்கள் அப்பா போன்ற ஒருவருக்கு, உடைந்து கிடக்கும் இந்தச் சாலை முழுசாக இருப்பதைவிடச் சுவையானது. 1920-களில் போட்ட தளம், 1930-களில் நேராக்கிய வழி, 1950-களில் நான்கு தடமாக்கியது என மூன்று தலைமுறைச் சாலை வேலையை சில இடங்களில் ஒரே வயலில் நின்று பார்க்க முடியும்.

ஜிபிஎஸ் போதாது. எண்ணே இல்லாத சாலைக்கு அது எப்படி வழி சொல்லும்? எதைக் கேட்டாலும் இன்டர்ஸ்டேட்டுக்கே இழுத்துக்கொண்டு போகும். ஜெரி மெக்லனஹன் எழுதிய 'ஈஸி 66 கைடு' என்ற சுருள் கம்பிப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தச் சிக்னலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லும். முன் இருக்கையில் அப்பாவை உட்காரவைத்து அதைக் கையில் கொடுத்துவிடுங்கள். வழிகாட்டும் பொறுப்பு அவருடையதாகட்டும். வழியில் பழுப்பு நிறப் பலகைகளும், சாலையிலேயே வரைந்த 66 கேடயங்களும் உதவும். ஆனால் பலகைகளை நினைவுப் பொருளாகத் திருடிக்கொண்டு போகிறவர்கள் இருப்பதால், அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் விட வேண்டியது உங்கள் சொந்த மாநிலத்தை. நேப்பர்வில்லில் இருந்துகொண்டு, இரண்டு வார விடுப்பில் ஒன்றரை நாளை இல்லினாய்ஸுக்குக் கொடுப்பது வீண். அப்பா, அம்மா வந்து தூக்கக் கலக்கம் தெளிந்த பிறகு ஒரு சனிக்கிழமை பான்டியாக்குக்குப் போய் வாருங்கள்; அங்கே ரூட் 66 அருங்காட்சியகம் இருக்கிறது. போகும் வழியில் ஓடெல் என்ற சிற்றூரில் 1932-இல் கட்டிய பெட்ரோல் நிலையம் ஒன்றைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு வாரக்கடைசியில் ஸ்பிரிங்ஃபீல்டைத் தாண்டி ஆபர்ன் வரை போனால், 1931-இல் செங்கல் பாவிய ஒன்றரை மைல் நீளச் சாலையில் ஓட்டலாம். அம்மாவின் முழங்கால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் அந்தப் பயணங்களிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே விடுப்பின் முதல் நாள் இன்டர்ஸ்டேட் 55-இல் நேரே செயின்ட் லூயிஸ். மாலைக்குள் செயின் ஆஃப் ராக்ஸ் பாலத்தை அடைந்துவிடப் பாருங்கள். 1929-இல் திறந்த இந்தப் பாலம் மிசிசிப்பியை ஒரு மைல் நீளத்தில் கடக்கிறது. நடு ஆற்றில் சட்டென்று திரும்புகிறது. பாலம் ஏன் நேராக இல்லை என்று அப்பா கேட்பார். நேராகப் போட்டிருந்தால் நீரோட்டத்துக்குக் குறுக்கே தூண்கள் அமைந்து படகுகளுக்கு ஆபத்தாகியிருக்கும். பக்கத்தில் நகரின் குடிநீர் எடுக்கும் கோபுரங்களும் இருந்தன. அதனால் வந்த திருப்பம் அது. இப்போது கார்களுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டுமே போகிறார்கள். அதனால் திருப்பத்தின் நடுவிலேயே நின்று ஆற்றைப் பார்க்கலாம். அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மிசௌரியை இன்டர்ஸ்டேட் 44-இல் தாண்டி, இரவு கார்த்தேஜ் அல்லது ஸ்பிரிங்ஃபீல்டில் தங்குங்கள். இந்த ஸ்பிரிங்ஃபீல்ட் மிசௌரியில் உள்ளது. 1926 ஏப்ரல் 30 அன்று இங்கேதான் '66' என்ற எண்ணைக் கேட்டு வாஷிங்டனுக்குத் தந்தி போனது. துல்சாவைச் சேர்ந்த சைரஸ் ஏவரி என்பவர் இந்தச் சாலைக்கு 60 என்ற எண் வேண்டும் என்று நின்றார். கென்டக்கி ஆளுநரோ அந்த எண் தங்கள் மாநிலம் வழியே போகும் சாலைக்கே என்று விடவில்லை. இழுபறிக்குப் பின், யாருக்கும் ஒதுக்காமல் கிடந்த 66-ஐ ஏவரி எடுத்துக்கொண்டார். பிறகு உலகமே பாடிய எண் அப்படிக் கிடைத்ததுதான்.

மூன்றாம் நாள் தூரம் குறைவு, பார்க்க வேண்டியது நிறைய. கன்சாஸ் மாநிலத்தில் ரூட் 66 வெறும் 13 மைல். அந்த 13 மைலை முழுக்கப் பழைய சாலையிலேயே ஓட்டுங்கள். கலீனா என்ற பழைய சுரங்க ஊரில் துருப்பிடித்த இழுவை லாரி ஒன்று நிற்கிறது. 'கார்ஸ்' படத்தின் மேட்டருக்கு உருவம் தந்தது அதுதான். பையனை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பேக்ஸ்டர் ஸ்பிரிங்ஸ் போகும் வழியில் 1923-இல் கட்டிய வெள்ளைக் கான்கிரீட் வளைவுப் பாலம். ஜேம்ஸ் மார்ஷ் என்ற பொறியாளரின் வடிவமைப்பில், இந்தச் சாலையில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான்.

அடுத்து ஓக்லஹோமா. மயாமி, ஆஃப்டன் ஊர்களுக்கு நடுவே ஒன்பதடி அகலச் சாலை ஒன்று கிடக்கிறது. தேசிய நெடுஞ்சாலைதான், ஒன்பதே அடி! 1920-களின் தொடக்கத்தில் போட்டது. இருந்த பணத்துக்கு முழு அகலத்தில் பாதித் தூரம் போடுவதா, பாதி அகலத்தில் முழுத் தூரமும் போடுவதா என்ற கேள்வி வந்தபோது இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். எதிரே வண்டி வந்தால் இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஒதுங்க வேண்டும். 1937 வரை ரூட் 66-இன் போக்குவரத்து முழுவதும் இதன் மேல்தான் போனது. ஓரக் கான்கிரீட் விளிம்பு இன்னும் தெரிகிறது. நிதி ஒதுக்கீட்டுக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவே காலம் தள்ளிய ஒரு பொறியாளர் அங்கே குனிந்து அந்த விளிம்பைத் தொட்டுப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். மழை பெய்திருந்தால் மட்டும் காரை இறக்காமல் நடந்து பாருங்கள்.

இரவு துல்சா. மாலையில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கிரீன்வுட் பகுதிக்குப் போய்விட்டு வாருங்கள். 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் வெள்ளையர் கும்பல் ஒன்று, செழித்திருந்த இந்தக் கறுப்பினக் குடியிருப்பை முப்பத்தைந்து தெருக்கட்டங்கள் அளவுக்கு எரித்துச் சாம்பலாக்கியது. ஐந்தாண்டு கழித்து இதே நகரத்தின் வழியே ரூட் 66 வந்தது. 'சுதந்திரத்தின் சாலை' என்று விளம்பரங்கள் பாடிய இந்தச் சாலை எல்லோருக்கும் அப்படி இருக்கவில்லை. சாலை தொட்டுச் சென்ற கவுண்டிகளில் ஏறத்தாழப் பாதியில், பொழுது சாய்ந்தபின் கறுப்பர்கள் தங்கக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. பணம் இருந்தும் அறை கிடைக்காது, உணவு கிடைக்காது, சில இடங்களில் பெட்ரோலும் கிடைக்காது. அதனால்தான் நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன், கறுப்பர்கள் நம்பித் தங்கக்கூடிய விடுதிகளையும் வீடுகளையும் தொகுத்து 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டார். முப்பதாண்டுக் காலம் அது வந்துகொண்டிருந்தது. மறுநாள் ஓக்லஹோமா சிட்டிக்குப் போகும் வழியில் லூதர் என்ற சிற்றூர் வரும். அங்கே த்ரெட் குடும்பம் நடத்திய சிறிய பெட்ரோல் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. கறுப்பினப் பயணிகள் தயங்காமல் வண்டியை நிறுத்த முடிந்த அரிய இடங்களில் ஒன்று அது. நியான் விளக்குகளுக்குக் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கும் கொடுங்கள். பையனுக்கு ஒன்பது வயதாகிவிட்டது, அவனிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

ஓக்லஹோமாவில் பழைய சாலை நானூறு மைலுக்கு மேல் ஓட்டும் நிலையில் இருக்கிறது. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஆகவே துல்சாவிலிருந்து கிளின்டன் வரை இன்டர்ஸ்டேட்டில் ஏறாதீர்கள். ஆர்கேடியாவில் 1898-இல் கட்டிய வட்ட வடிவக் களஞ்சியம். ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே கனேடியன் ஆற்றின்மேல் 1933-இல் கட்டிய பாலம். முப்பத்தெட்டு மஞ்சள் நிற எஃகுச் சட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அண்மையில் பழைய சட்டகங்களை விடாமல் புதுப்பித்திருக்கிறார்கள். ஜான் ஸ்டைன்பெக்கின் 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலைப் படமாக எடுத்தபோது, அகதிக் குடும்பத்தின் லாரி இந்தப் பாலத்தின்மேல் ஓடியது.

அந்த லாரியின் கதைதான் இந்தச் சாலையின் முதல் கதை. 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் கடனும் சேர்ந்து ஓக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சா விவசாயிகளை நிலத்திலிருந்து கிளப்பின. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு வழி இதுதான். மெத்தையையும் அடுப்பையும் காரின்மேல் கட்டிக்கொண்டு போனார்கள். 1936-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர், கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்ப மாநில எல்லைக்கே தம் ஆட்களை அனுப்பினார். சொந்த நாட்டுக்குள்ளேயே எல்லையில் நிறுத்தப்பட்ட மக்கள்! இந்த நாவலை இல்லாவிட்டாலும் படத்தையாவது கிளம்புமுன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். 1946-இல் பாபி ட்ரூப் எழுதி நாட் கிங் கோல் பாடிய பாட்டு இந்தச் சாலையை உல்லாசச் சாலையாக்கியது. ஆனால் முதலில் இது பிழைக்கப் போனவர்களின் சாலை.

டெக்சாஸைச் சீக்கிரம் கடக்கலாம். கிளின்டனில் காலையில் ரூட் 66 அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இன்டர்ஸ்டேட் 40-இல் ஏறுங்கள். ஷாம்ராக்கில் இறங்கி 1936-இல் கட்டிய யூ-டிராப் இன் பெட்ரோல் நிலையத்தைப் பாருங்கள். பையன் அதைப் படத்தில் ஏற்கெனவே பார்த்திருப்பான். அமரில்லோவுக்கு மேற்கே, 1974-இல் ஒரு கலைஞர் குழு பத்து கெடிலாக் கார்களை மூக்கு மண்ணில் புதையும்படி நட்டு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாம். ஏட்ரியன் ஊரில், சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இங்கிருந்து தலா 1,139 மைல் என்று பலகை நிற்கும். நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அந்த ஒரு மணி நேரமும் சேர்ந்துகொள்வதால் பொழுது சாயும்முன் டுகம்கேரிக்குப் போய்விடலாம்.

டுகம்கேரியில் ப்ளூ ஸ்வாலோ மோட்டலில் அறை கேளுங்கள். 1939-இலிருந்து இருக்கிறது. அறைக்கு அறை ஒட்டினாற்போல் கார் நிறுத்தும் கொட்டகை, இரவானால் நீல நியான். பழைய மோட்டல்களை நான் வற்புறுத்துவதற்கு அழகு மட்டும் காரணமல்ல. எல்லாம் தரைத்தளம், காரை வாசலிலேயே நிறுத்தி இறங்கலாம், லிஃப்டும் இல்லை, நீண்ட தாழ்வாரமும் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு நட்சத்திர ஹோட்டலைவிட இது இதம். தவிர, நீங்கள் கொடுக்கும் வாடகைதான் அந்த ஊரை உயிரோடு வைத்திருக்கிறது. இன்டர்ஸ்டேட் வந்த மறுநாளே வருமானம் நின்றுபோன ஊர்கள் இவை. இந்த வழியில் பல மோட்டல்களின் வரவேற்பு மேசையில் குஜராத்திக் குடும்பங்களைப் பார்ப்பீர்கள். அமெரிக்கா முழுவதும் சிறு மோட்டல்களில் பெரும்பங்கு இன்று இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கிறது. கடன் கிடைக்காத காலத்தில், நொடித்துப்போன மோட்டல்களைச் சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கி எடுத்து, அங்கேயே குடியிருந்து, விரிப்பு துவைப்பதிலிருந்து கணக்கு எழுதுவதுவரை குடும்பமே செய்து நிமிர்த்தினார்கள். அப்போது சில போட்டியாளர்கள் 'அமெரிக்கர் நடத்தும் விடுதி' என்று வாசலில் பலகை மாட்டி வாடிக்கையாளரை இழுத்ததும் உண்டு.

அடுத்து சான்டா ஃபே, இரண்டு இரவு. ஓய்வுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏழாயிரம் அடி உயரம் என்பதால் முதல் நாள் பெரியவர்கள் மெதுவாக நடக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். இந்த ஊர் தொடர்பாக அப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. ரூட் 66 முதலில் சான்டா ரோசாவிலிருந்து வடக்கே ஏறி, சான்டா ஃபே வந்து, மறுபடி தெற்கே ஆல்புகர்க்கிக்கு இறங்கியது. பெரிய சுற்று. 1926 தேர்தலில் ஆளுநர் ஹேனட் தோற்றார். தோல்விக்குத் தலைநகரான சான்டா ஃபேயின் அரசியல்வாதிகளே காரணம் என்ற கோபம் அவருக்கு. பதவிக்காலம் முடியச் சில வாரங்களே இருந்தன. சாலைத்துறைப் பொறியாளரைக் கூப்பிட்டு, சான்டா ரோசாவிலிருந்து மோரியார்ட்டிக்கு நேர்கோடாக ஒரு சாலை போடச் சொன்னார். 69 மைல், அங்கே முன்பு சாலையே கிடையாது. குளிர்காலம், பனி, பழைய இயந்திரங்கள், சம்பளம் வருமா என்று கலங்கிய ஆட்கள். ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ முடித்துவிட்டார்கள். புதிய ஆளுநரின் ஆள் வேலையை நிறுத்த வந்து சேர்வதற்குள் அதில் கார்கள் ஓடின. 1937-இல் ரூட் 66 அதிகாரபூர்வமாக அந்த நேர்வழிக்கு மாறியது. நியூ மெக்சிகோவில் அதன் நீளம் நூறு மைலுக்கு மேல் குறைந்தது. சான்டா ஃபே நெடுஞ்சாலையை இழந்தது. இதனால் ஆல்புகர்க்கி நகரின் நடுவே, நான்காம் தெருவும் சென்ட்ரல் அவென்யூவும் சந்திக்கும் முனையில், ரூட் 66 தன்னைத்தானே குறுக்கே வெட்டிக்கொள்கிறது: பழைய வழி வடக்குத் தெற்காக, புதிய வழி கிழக்கு மேற்காக. எட்டாம் நாள் அந்த முனையில் இறங்கி அப்பாவை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அந்த ஊரிலேயே தங்கல்.

ஆல்புகர்க்கிக்கு மேற்கே லகூனா, ஆகமா மக்களின் நிலம் வழியாகப் போவீர்கள். நெடுஞ்சாலைக்கும் நாட்டுக்கும் பல நூற்றாண்டு முந்திய ஊர்கள் அவை. அங்கே மக்கள் வாழ்கிறார்கள், அருங்காட்சியகம் அல்ல. படம் எடுக்கக் கேட்டுக்கொண்டு எடுங்கள். சில இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும், சில இடங்களில் எடுக்கவே கூடாது. இரவு ஹோல்புரூக்கில் விக்வாம் மோட்டல். கான்கிரீட்டால் கூம்புக் கூடாரம்போலக் கட்டிய பதினைந்து அறைகள், 1950-இல் கட்டியவை. பையன் குதிப்பான், தங்குங்கள். கூடவே, கூம்புக் கூடாரம் இந்தப் பகுதி மக்களின் வீடே அல்ல, அது வடக்கே சமவெளிப் பழங்குடிகளுடையது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். பயணிகளைக் கவர, சினிமாவில் பார்த்த வீட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள்.

மறுநாள் காலை சற்றுப் பின்னே வந்து பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா. ரூட் 66-இன் ஒரு துண்டைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரே தேசியப் பூங்கா இது. சாலை மறைந்துவிட்டது. வரிசையாக நிற்கும் பழைய தந்திக் கம்பங்களும், 1932-ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றின் துருப்பிடித்த கூடும்தான் தடம் காட்டுகின்றன. மதியம் வின்ஸ்லோவில் லா பொசாடா ஹோட்டலின் தோட்டத்தில் அம்மாவை உட்காரவையுங்கள். மேரி கோல்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1930-இல் திறந்தது. 1957-இல் மூடி, இடிபடாமல் தப்பி, 1997-இல் மீண்டும் திறந்தது. இரவு வில்லியம்ஸ், இரண்டு நாள். நடுவில் ஒரு நாள் கிராண்ட் கேன்யன்; 60 மைல்தான். வில்லியம்ஸிலிருந்தே அதற்கு ரயில் இருக்கிறது, பள்ளத்தாக்கின் விளிம்பில் இலவசப் பேருந்தும் ஓடுகிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு "ரூட் 66 மட்டும்" என்று அப்பா பிடிவாதம் பிடித்தாலும் கேட்காதீர்கள். இன்டர்ஸ்டேட்டிடம் கடைசியாக வீழ்ந்த ரூட் 66 ஊர் இந்த வில்லியம்ஸ்தான்: 1984 அக்டோபர் 13.

பன்னிரண்டாம் நாளுக்காகத்தான் இத்தனையும். செலிக்மன் முதல் கிங்மன் வழியாகக் கொலராடோ ஆறு வரை, பழைய சாலை அறுபடாமல் ஓடுகிறது. நாடு முழுவதிலும் இவ்வளவு நீளத் தொடர்ச்சி வேறெங்கும் இல்லை. 1978 செப்டம்பர் 22 அன்று இன்டர்ஸ்டேட் 40 திறந்ததும் செலிக்மன் தெருவில் வண்டி வருவது ஒரே நாளில் நின்றது. அந்த ஊரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்காடிலோ 1987-இல் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். அந்த ஆண்டே அரிசோனா அரசு இதை வரலாற்றுச் சாலையாக அறிவிக்க வைத்தார். மற்ற மாநிலங்கள் அதன் பிறகுதான் விழித்துக்கொண்டன. இன்று நீங்கள் பழுப்புப் பலகைகளைப் பார்த்து ஓட்ட முடிகிறதென்றால், அது பிழைப்பு போன ஒரு சிற்றூர்க்காரர்கள் கைகட்டி உட்காராததால் வந்தது. அவருடைய முடிதிருத்தும் நாற்காலி இருக்கும் கடையில் அவசரமில்லாமல் நில்லுங்கள்.

அப்பா ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் இங்கே கொடுங்கள். செலிக்மனிலிருந்து பீச் ஸ்பிரிங்ஸ் வழியாக கிங்மன் வரை நீண்ட நேர்ச்சாலை, வண்டிகள் மிகக் குறைவு. வலப்பக்கம் ஓட்டிப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. அவர் ஊரிலிருந்து கிளம்புமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட வேண்டும். இந்திய லைசென்ஸையும் கூடவே கொண்டுவர வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். பெயர் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டினாலும் காப்பீடு நிற்காது.

கிங்மனுக்கு மேற்கே மட்டும் நீங்களோ கணவரோ ஓட்டுங்கள். சிட்கிரீவ்ஸ் கணவாய் 3,500 அடிக்கு மேல். கொண்டையூசி வளைவுகள், பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. பெட்ரோல் தொட்டியிலிருந்து எரிபொருள் தானாக வழிந்து எஞ்சினுக்கு இறங்கும் அந்தக் காலக் கார்கள், இந்த ஏற்றத்தில் மூக்கைத் தூக்கினால் மூச்சு நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றினார்கள் என்பார்கள். 1952-இல் சாலையை வேறு வழிக்கு மாற்றிய பிறகு உச்சிக்கு அப்பால் உள்ள ஓட்மன் சுரங்க ஊர் அடங்கிப்போனது. சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் இன்று தெருவில் திரிகின்றன. பையன் தீனி கொடுக்க ஓடுவான். குட்டிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

ஜூனில் மொஹாவி பாலைவனம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கிங்மனிலிருந்து விடியலில் கிளம்பி, நண்பகலுக்கு முன் ஆம்பாயைக் கடந்துவிடுங்கள். நீடில்ஸில் தொட்டியை நிரப்பி, ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய மரப்பாலங்கள் திடீர் வெள்ளத்தில் பழுதாவதால் சாலையை அவ்வப்போது மூடுவார்கள். மூடியிருந்தால் இன்டர்ஸ்டேட்டிலேயே பார்ஸ்டோ போய்விடுங்கள், சுற்றுவழி தேட வேண்டாம். கடைசி நாள் சான் பெர்னார்டினோவிலிருந்து பாசடீனா வரை சிக்னல்கள் முடியவே முடியாது. ஃப்ரீவேயில் தாண்டிவிட்டு, பாசடீனாவிலிருந்து ஆரோயோ செகோ பார்க்வேயில் மட்டும் இறங்குங்கள். 1940-இல் திறந்தது, மேற்குக் கரையின் முதல் ஃப்ரீவே. நாற்பது, ஐம்பது மைல் வேகத்துக்குப் போட்ட வளைவுகளில் இன்றைய வேகம் எப்படித் தடுமாறுகிறது என்பதை அப்பா உங்களுக்கு விளக்குவார்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். நியூ மெக்சிகோவில் பீன்ஸ், சோறு, டார்ட்டியா எங்கும் கிடைக்கும். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வேகவைப்பதும், பச்சை மிளகாய்க் குழம்பில் இறைச்சி போடுவதும் வழக்கம் என்பதால் ஒவ்வொரு கடையிலும் விசாரியுங்கள். பான்கேக்கில் முட்டை இருக்கும். ஹாஷ் பிரௌன்ஸ், டோஸ்ட், பழம் சரிப்படும். இன்டர்ஸ்டேட் 40-இன் ஓரத்தில் பஞ்சாபி லாரி ஓட்டுநர்களுக்காகத் திறந்த தாபாக்கள் இருக்கின்றன. சூடான பருப்பும் ரொட்டியும் அங்கே நிச்சயம். துல்சா, ஓக்லஹோமா சிட்டி, ஆல்புகர்க்கி மூன்றிலும் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. தயிரும் ஊறுகாயும் ஐஸ் பெட்டியில் இருந்தால் எந்த ஊரிலும் சமாளிக்கலாம். அறையில் மைக்ரோவேவ் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். ரைஸ் குக்கரைச் சில மோட்டல்கள் அனுமதிப்பதில்லை.

சொந்தக் காரில் போனால் திரும்பி ஓட்டி வரவே மூன்று நாள் போய்விடும். வாடகை மினிவேன் எடுத்து லாஸ் ஏஞ்சலஸில் விட்டுவிட்டு விமானத்தில் திரும்புங்கள். வேறு ஊரில் விடத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் மாறும், நான்கைந்து இடத்தில் விசாரியுங்கள். பெற்றோருக்கு வருகையாளர் மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன விதி என்று படித்துப் பாருங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், சூடேறும் டிக்கியில் அல்ல. ஓக்லஹோமாவில் ஜூன் தொடக்கத்திலும் சூறாவளி எச்சரிக்கை வரலாம். போனில் எச்சரிக்கை ஒலியை அணைத்துவைக்காதீர்கள். அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ நேஷன் மாற்றும். முன்பதிவு நேரங்களை இருமுறை சரிபாருங்கள்.

டுகம்கேரியிலும் ஹோல்புரூக்கிலும் அறைகள் சொற்பம். ரூட் 66-க்கு 2026-இல் நூறாண்டு நிறைவதால் கூட்டமும் கூடியிருக்கிறது. இந்த இரண்டையும் இந்த வாரமே பதிவு செய்யுங்கள்; மற்ற ஊர்களின் தேதிகளை அவற்றுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம்.